மெடிக்கல் போர்டுக்கு முந்தின நாள்

டம்ளரின் விளிம்பை முந்தானையால் பிடித்துத்தான் ரோஸ்லின் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அப்படியும் விரல் சுட்டது.

மார்ட்டின் அதை வெறுங்கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஊதவில்லை. கை மாற்றவில்லை.

"ஏங்க, சுடலையா உங்களுக்கு?"

"என்னது?"

"டம்ளரு."

அவன் குனிந்து பார்த்தான். கழுத்தை வளைக்காமல், இடுப்போடு சேர்த்து உடம்பையே சாய்த்துத்தான் குனிந்தான். ராணுவத்திலிருந்து திரும்பி வந்த நாளாக அவனுக்கு அதுதான் பழக்கம். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். உள்ளங்கை செக்கச்செவேலென்று இருந்தது. ஆள்காட்டி விரலின் தோல் வெளுத்து உப்பிக்கொண்டு வந்தது.

ரோஸ்லின் அந்தக் கையைப் பிடித்தாள். அழுத்தினாள். நகத்தால் கிள்ளினாள்.

அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எத்தினி நாளா இப்பிடி?" என்றாள்.

விடிந்தால் மெடிக்கல் போர்டு. அந்த ஒரு நாளுக்காக இந்த வீடு எப்படிக் காத்திருந்தது என்பது வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மார்ட்டின் ராணுவத்தில் லாரி ஓட்டியவன். வடக்கே ஒரு மலைப்பாதையில், பனியில் சறுக்கிய ரேஷன் லாரியோடு பள்ளத்தில் உருண்டான். உயிர் பிழைத்தது, கழுத்து பிழைக்கவில்லை. சில வருடம் லேசான வேலை கொடுத்து வைத்திருந்துவிட்டு, தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊனமுற்றோர் பென்ஷன் கேட்டபோது, கழுத்துத் தேய்மானம் வயதானால் எவருக்கும் வருவது, ராணுவ வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பதில் வந்தது. அப்பீல் போட்டான். அதே பதில். மறுபடியும் போட்டான். மறுபடியும் அதே பதில். கடைசியில் ராணுவத்தினர் வழக்குகளைப் பார்க்கும் டிரிப்யூனல்தான், புது டாக்டர்களை வைத்து இவரை இன்னொரு தடவை பாருங்கள் என்று உத்தரவு போட்டது. நாளை காலை, சென்னையில், ராணுவ ஆஸ்பத்திரியில்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரோஸ்லினுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. கேஸ் காகிதம் ஒவ்வொன்றும் அவள் கையால் நகல் எடுத்ததுதான். புருஷனுடைய கழுத்தைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நேற்றுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

"வெரலு மரத்துப் போயி கொஞ்ச மாசம் ஆவுது," என்றான் மார்ட்டின். "காலு இப்பதான்."

"காலா? காலுக்கு என்ன?"

"சமயத்துல, வெச்ச எடத்துல நிக்க மாட்டேங்குது."

"போன மாசம் பாண்டி டாக்டரு ஸ்கேன் பாத்துட்டு, எல்லாம் பழசுதான்னு சொன்னதா வந்து சொன்னீங்களே."

அவன் மறுபடியும் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"தண்டுவடத்த அழுத்துதுன்னாரு. ஒடனே ஆபரேஷன் பண்ணணும்னாரு. எங்கயும் வுழுந்துடாதீங்க, ஒரு தடவ வுழுந்தாக்கூட கை கால் போயிடும்னாரு."

ரோஸ்லின் அவன் கையை விட்டாள்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ஆபரேஷன்னு ஒத்தக் கால்ல நிப்ப. பண்ணிக்கிட்டுப் போயி போர்டு முன்னாடி நின்னா, சரியாயிடுச்சேன்னு எழுதுவாங்க. சரியாவலன்னா, கத்தி வெச்ச டாக்டரு கெடுத்துட்டாருன்னு எழுதுவாங்க. எப்பிடி இருக்கறனோ அப்பிடியே போயி ஒரு தடவ நிக்கணும் ரோஸ்லின். அந்த மலையிலதான் இது ஆச்சுன்னு அவங்க வாயால சொல்லணும். அதுக்கப்பறம் எங்க வேணா அறுத்துக்கட்டும்."

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. அந்தக் கையில் மஞ்சளைக் குழைத்துப் போட்டுக் கட்டினாள். கட்டும்போதும் அவனுக்கு வலிக்கவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"நாளைக்கு போர்டு முடிஞ்ச கையோட ஆஸ்பத்திரிதான். இன்னிக்கு நீங்க கட்டில வுட்டு எறங்கக் கூடாது. பாத்ரூமுக்குப் போறதா இருந்தாக்கூட செவுத்தப் புடிச்சிக்கினு போங்க. நான் மத்தியானம் சீக்கிரம் வந்துடறேன்."

"சரி."

"மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

"சரின்னேன்ல. போ."

வக்கீல் கேட்டிருந்த நகல்களை எடுக்காமல் இருக்க முடியாது. மகள் திண்டிவனத்தில் ஹாஸ்டலில் இருந்தாள். வீட்டில் துணைக்கு ஆளில்லை. கதவை வெறுமனே சாத்திவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ரோஸ்லின் கடைக்குப் போனாள்.

*

மத்தியானம் கழுவெளி ஏரிப் பக்கமிருந்து மேகம் திரண்டது.

மார்ட்டினின் தம்பி கிருபா உப்பளத்து வரப்பில் நின்று அதைப் பார்த்தான். வாரிக் குவித்த உப்பு திறந்தபடி கிடந்தது. வேலையாட்கள் எல்லோரும் பிரம்மதேசத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் மழை இறங்கினால் இந்தப் பருவத்துப் பாடு மொத்தமும் கரைந்து கால்வாயோடு போய்விடும்.

அண்ணனுக்குப் போன் அடித்தான்.

அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. ஊர் திரும்பியதிலிருந்து அண்ணன் ஒரு கூடை உப்புகூடத் தூக்கியதில்லை என்பது கிருபாவின் மனக்குறை. மாதா தேர் அன்றைக்கு, கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் அதை வாய்விட்டே சொல்லிவிட்டான். நல்லாத்தான் நடக்குறான், போர்டுன்னு சொன்னா மட்டும் கழுத்து வலிக்குது. அந்த வார்த்தை மார்ட்டின் காதுக்கு அன்றைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

"மழ வருதுப்பா," என்றான் கிருபா. "ஆளு இல்ல. நீ ஒண்ணும் தூக்க வேணாம். தார்ப்பாயி மூலைய ஒரு பக்கம் புடிச்சா போதும்."

"டேய், நாளைக்கு எனக்கு..."

"தெரியும். போர்டு நாளைக்குத்தான? இன்னிக்கு இல்லல்ல."

மார்ட்டின் போனை வைத்துவிட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தான். வெளியே காற்று எழும்பி வேப்பமரத்தை உலுக்கியது. கழுத்துப் பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டான். விரல்களுக்கு அதன் ஒட்டுப் பகுதி பிடிபடவில்லை. பல்லால் இழுத்து ஒட்டினான்.

உப்பளத்துக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது பாத்திகள் எல்லாம் ஈய நிறத்தில் கிடந்தன. கிருபா தார்ப்பாயின் ஒரு மூலையை அவன் கையில் திணித்தான். மறுமூலையை எடுத்துக்கொண்டு குவியலுக்கு அந்தப் பக்கம் போய், கயிற்றைக் கல்லில் கட்டக் குனிந்தான்.

காற்று தார்ப்பாயைப் படபடவென்று அடித்தது. மார்ட்டின் அதை முழங்கையில் சுற்றிப் பிடித்தபடி, வரப்பில் வலது காலை எடுத்து வைத்தான்.

வைத்ததாகத்தான் நினைத்தான்.

அடுத்த கணம் வரப்பின் விளிம்பு அவன் தாடையில் இடித்தது. தலை பின்னால் மடங்கியது. இரண்டு தோளிலிருந்தும் விரல் நுனிவரைக்கும் நெருப்பு ஓடியது. பிறகு நெருப்பும் இல்லை. தோளுக்குக் கீழே கை என்று ஒன்று இருக்கிற உணர்வே இல்லை.

முகம் தண்ணீருக்குள் இருந்தது.

கணுக்காலை நனைக்கிற தண்ணீர்தான். கையை ஊன்றி எழுந்தால் போதும். ஊன்று என்று சொன்னான். கை கேட்கவில்லை. மறுபடியும் சொன்னான். உப்பு விளையும் தண்ணீர் மூக்கில் ஏறி நெற்றிக்குள் அறுத்தது. கண் எரிந்தது. வாயை மூடிக்கொண்டான். கால் முட்டி லேசாக அசைந்தது, ஆனால் அதனால் தலையைத் தூக்க முடியவில்லை. தார்ப்பாய் அடிக்கிற சத்தம் தண்ணீருக்குள் எங்கோ தூரத்தில் கேட்டது. தம்பி பக்கத்தில்தான் இருக்கிறான். கூப்பிட வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும்.

பள்ளத்தில் உருண்டபோதுகூட அவனுக்கு இந்தப் பயம் வரவில்லை. அங்கே சத்தம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். இங்கே கணுக்கால் தண்ணீரில், வெட்டவெளியில், யாருக்கும் தெரியாமல் செத்துப்போகப் போகிறோம் என்று நினைத்தான். மூச்சு தாங்கவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

தார்ப்பாய் கை நழுவிப் பறக்கிற சத்தம் கேட்டு, கிருபா திரும்பாமலே கத்தினான். "ஏம்பா, ஒரு மூலையக் கூடவா புடிக்க முடியல?"

பதில் இல்லை. திரும்பினான். அண்ணன் பாத்தியில் குப்புறக் கிடந்தான்.

கிருபாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "எழுந்திரு. நடிக்கறதெல்லாம் நாளைக்கு வெச்சிக்க," என்றான்.

அண்ணனின் தலையைச் சுற்றிக் குமிழி கிளம்பி, நின்றது.

கிருபா தார்ப்பாயை உதறிவிட்டு ஓடினான். பாத்தியில் மண்டியிட்டு அண்ணனின் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கினான். மார்ட்டின் இருமினான். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"கழுத்த திருப்பாத," என்றான். குரலே இல்லை, காற்றுதான் வந்தது. "தலையும் ஒடம்பும் ஒண்ணா... கைய காணும்டா கிருபா. என் கையி எங்க இருக்கு?"

"இருக்குதுண்ணா. இங்கதான் இருக்குது."

கிருபா அந்தக் கையைத் தொட்டுக் காட்டினான். மார்ட்டினுக்குத் தெரியவில்லை.

மழை பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. அண்ணனின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கிருபா கத்தினான். அடுத்த பாத்திக்காரி திரௌபதியும் அவள் புருஷனும் ஓடிவந்தார்கள். ஷெட்டின் கதவைக் கழற்றி எடுத்துவந்து, மூன்று பேருமாக அவன் தலையையும் உடம்பையும் ஒன்றாகப் புரட்டி அதன் மேல் ஏற்றினார்கள். திரௌபதி போனில் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வரப்பில் இறங்க முடியாமல் ரோட்டிலேயே நின்றுவிட்டது. வழுக்குகிற வரப்பு வழியாகக் கதவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பின்னால் உப்புக் குவியல் மழையில் கரைந்துகொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

*

திரௌபதி போனில் விவரம் சொன்னதும் ரோஸ்லின் பஸ் ஸ்டாண்டு அருகே ரோட்டோரத்தில் நனைந்தபடி நின்று அதே ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாள். மார்ட்டினைப் பார்த்ததும், ஏன் போனீங்க என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. ஓரமாக ஒடுங்கியிருந்த கிருபாவிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சென்னையிலிருந்த வக்கீல் சத்யப்ரியாவுக்குப் போன் போட்டாள்.

"மொதல்ல அவர பாருங்கக்கா," என்றாள் சத்யப்ரியா. "போர்டுக்கு வேற தேதி கேக்கலாம். யாராவது ஒருத்தர் நேர்ல வந்து வெவரம் சொன்னா நல்லது." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு சொல்றேன், பயப்படாதீங்க. எங்க வுழுந்தாருன்னு ஆஸ்பத்திரியில கேப்பாங்க. நீங்க சொல்றதத்தான் எழுதுவாங்க, அது எப்படியும் ராணுவத்துக் கைக்குப் போவும். உப்பளத்துல வேல செஞ்சு வுழுந்திருக்காரு, இதுக்கும் ராணுவத்துக்கும் என்னங்க சம்பந்தம்னு கேப்பாங்க. பழைய ஸ்கேன் நமக்கு ஒதவும். ஆனாலும் அவங்க உப்பளத்தத்தான் புடிச்சிக்குவாங்க. உங்கள பொய் சொல்லச் சொல்லல. என்ன வரும்னு மட்டும் சொல்றேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மார்ட்டினும் கேட்டான், கிருபாவும் கேட்டான்.

பாண்டியில் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர் வந்து, "எப்படி விழுந்தார்?" என்று கேட்டதும், கிருபா முந்திக்கொண்டான்.

"வீட்ல டாக்டர். பாத்ரூம்ல வழுக்கிட்டாரு."

டாக்டர் ரோஸ்லினைப் பார்த்தார். ரோஸ்லின் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அந்த மௌனம் போதுமானதாக இருந்தது. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இத்தனை வருட அலைச்சலும் ஒரு வார்த்தையில் தப்பித்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பே அவளுக்குக் கூசியது. ஆனாலும் தோன்றியது.

ஸ்கேன் முடிந்து வந்தபோது மார்ட்டினின் மூச்சில் ஒரு சத்தம் சேர்ந்திருந்தது. கொதிக்கிற சத்தம். முகத்தில் ஆக்சிஜன் வைத்தும் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. மெஷின் விடாமல் கத்தியது. டாக்டர் நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டார். முகம் மாறியது.

"பாத்ரூம்ல விழுந்தவருக்கு நுரையீரல்ல ஏன் இவ்வளவு தண்ணி?"

கிருபா தரையைப் பார்த்தான்.

"அம்மா, இவருக்கு இன்னிக்கே ஆபரேஷன் பண்ணியாகணும். அதுக்கு முன்னாடி மயக்க மருந்து குடுக்கணும். என்ன தண்ணி உள்ள போச்சுன்னு தெரியாம குடுத்தா டேபிள்லயே ஏதாவது ஆயிடலாம். உண்மையச் சொல்லுங்க."

மார்ட்டினால் தலையை அசைக்க முடியாது. கண்ணை மட்டும் ரோஸ்லின் பக்கம் திருப்பினான். சொல்லாதே என்றது அந்தக் கண். அவளோ அவன் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் காய்ந்து உப்பு வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது.

"உப்பளத்துல வுழுந்தாரு டாக்டர்," என்றாள். "பாத்தித் தண்ணியில மூஞ்சி கெடந்துச்சி. உப்பு வெளயற தண்ணி. குடிச்சிருக்காரு."

மார்ட்டின் கண்ணை மூடிக்கொண்டான்.

டாக்டர் திட்டவில்லை. அதற்கு நேரமில்லை. நர்ஸைக் கூப்பிட்டு வரிசையாக மருந்துகளைச் சொன்னார். திரை இழுத்து மூடப்பட்டது. வெளியே நின்ற ரோஸ்லினுக்கு உள்ளே ஓடுகிற காலடிகள் மட்டும் கேட்டன. மெஷின் சத்தம் எப்போது நிற்கும் என்று பார்த்தாள். நின்றதும், ஏன் நின்றது என்று பதறினாள்.

கொஞ்சம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "இப்ப கொஞ்சம் பரவாயில்ல. மூச்சு நிலைக்கு வந்ததும் தியேட்டருக்கு எடுத்துட்டுப் போறோம். கழுத்து ரொம்ப அழுந்தியிருக்கு."

"காலைல வரைக்கும் பொறுக்க முடியாதா டாக்டர்?" என்றான் கிருபா.

"பொறுத்தா கை திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

ரோஸ்லின் கையெழுத்துப் போட்டாள். பாதியில் தன் பெயரே மறந்தது போல நின்று, மறுபடி எழுதினாள்.

"அண்ணி," என்றான் கிருபா. சட்டையெல்லாம் ஈரம், முட்டியில் உப்பு அறுத்த ரத்தம். "நான் கூப்பிட்டேன், அதான் வந்தாரு. குப்புறக் கெடக்கறப்ப நடிக்கறாருன்னு நெனச்சேன். அப்பிடித்தான் சொன்னேன் அவர. அந்த நேரத்துல ஓடியிருந்தா..."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவன் தோளில் சாய்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"நாளைக்கு நீ சென்னைக்குப் போ," என்றாள். "வக்கீலம்மா கூடப் போயி போர்டு முன்னாடி நில்லு. வழுக்கி வுழல, காலு மடங்கித்தான் வுழுந்தாருன்னு சொல்லு. அந்தக் காலு மலையிலயே போயிடுச்சுன்னு சொல்லு. நீதான பக்கத்துல இருந்தவன்."

கிருபா தலையை அசைத்து மறுத்தான்.

"நான் பாக்கல அண்ணி. கயிறு கட்டிக்கினு அந்தப் பக்கமா திரும்பி நின்னேன். காலு மடங்குச்சா, வழுக்குச்சா, எனக்குத் தெரியாது."

அப்படியானால் பார்த்தவர் யாருமே இல்லை.

திரை விலகியது. டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ரோஸ்லின் கூடவே ஓடினாள். மூக்கிலும் கையிலும் குழாய். கழுத்தின் இரண்டு பக்கமும் மணல் பைகள்.

"ஏங்க. கொஞ்சம் கண்ண தொறங்க. வழுக்குச்சா, காலு மடங்குச்சா?"

மார்ட்டின் அவளைப் பார்த்தான். கோபம் இருக்கும் என்று பயந்தாள். இல்லை. ஆக்சிஜன் மூடிக்குள் உதடு அசைந்தது. காதை வாயருகே கொண்டுபோனாள்.

"வழுக்கல. கால வெச்சேன்... அங்க காலே இல்ல."

"அதையேதான் அங்க வந்து நீங்க சொல்லணும். சொல்வீங்களா?"

மூடிக்குள் உதடு மறுபடியும் அசைந்தது.

"பயமா இருக்கு ரோஸ்லின்," என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் இதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. மலையிலிருந்து போன் பண்ணிய நாட்களில் கூடச் சொன்னதில்லை.

"எனக்கும்தாங்க," என்றாள்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் அவள் போட்ட கட்டு நனைந்து தொங்கியது. அவன் பிடிக்கவில்லை, அவள்தான் பிடித்திருந்தாள். தியேட்டர் வாசலில் நர்ஸ் அவளை நிறுத்தினாள். டிராலியின் சக்கரம் வாசற்படியில் ஏறிக் குலுங்கியது. அப்போது அவள் உள்ளங்கைக்குள் அவன் சுண்டுவிரல் அசைந்தது.

அவன் அசைத்தானா, டிராலி குலுங்கியதா?

கேட்பதற்குள் கை நழுவிப் போய்விட்டது. கதவு மூடிக்கொண்டது.